மேசை பறக்காமல் போன கதை

நாற்பத்தொரு வருடங்களாகக் கடிகாரம் பழுது பார்க்கும் மனிதர் கையில் கடிகாரம் கட்டுவதில்லை. கேட்டால், "இனிப்புக் கடைக்காரன் இனிப்பு தின்னு பார்த்திருக்கீங்களா?" என்பார். எங்கு போனாலும் தாமதம்.

பழைய சாவி கடிகாரங்கள்தான் அவருக்கு உயிர். சக்கரங்களைக் கழற்றி, பிசினாகிப்போன எண்ணெயைக் கழுவி, ஊசி முனையில் புது எண்ணெய் தொட்டு வைப்பார். அப்போது வீட்டில் யாரும் தும்மக்கூடாது. "மூச்சு விடாதீங்க!" என்று கத்திக் கத்தி, தெருவில் அவருக்குப் பெயரே 'மூச்சு விடாதே' என்றாகிவிட்டது.

கடையை மூடியபின் மேசை வீட்டுக் கூடத்துக்கு வந்தது. கூடவே வம்பும் வந்தது. போன மாதம் ஒரு திருகாணி தெறித்துக் காபியில் விழ, அதை அவரே குடித்துவிட்டார்.

"வயித்துல டிக் டிக்னு கேட்டா சொல்லு, கழட்டிப் பார்த்துடறேன்" என்றார் மனைவியிடம்.

மனைவி சிரிக்கவில்லை. "இன்னொரு சாமான் பறந்துச்சு, அப்புறம் மேசையும் பறக்கும். பழைய சாமான்காரர்கிட்ட சொல்லி வெச்சாச்சு."

அந்த வாரம் மேசையில் இருந்தது மகளின் மாமனாருடைய கடிகாரம். கொடுத்த சாவி அவிழாமல் பிடித்து நிறுத்தும் மயிரிழைக் கம்பி ஒன்றுதான் மாட்டப் பாக்கி. அது இடுக்கியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. பதறவில்லை. விழுவதை ஏந்தத்தானே இடுப்பிலிருந்து மேசை விளிம்புவரை துணி மாட்டியிருக்கிறார்?

அப்போது பார்த்து வாசலில் சம்பந்தி.

சம்பந்தி வந்தால் உட்கார்ந்திருக்க முடியுமா? "வாங்க வாங்க!" என்று துள்ளி எழுந்தார். துணியின் கொக்கிகள் பிடுங்கிக்கொண்டன. கம்பி போன இடம் தெரியவில்லை.

"என்ன மரியாதை சம்பந்தி! என் வாட்ச்சும் சேர்ந்து எழுந்திருக்குதே!"

டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து, மூவரும் முட்டி போட்டுத் தேடினார்கள். தூசுதான் மலை மலையாக நிழல் காட்டியது. மனைவிக்கு அந்த மானக்கேடு வேறு. "சாமான் பறந்தா மேசையும் பறக்கும்னு சொன்னேன்ல?" என்று சம்பந்தி காதுபடவே கணவரிடம் சொன்னாள்.

கடைசியில் அவள்தான் கணவரின் முழுக்கைச் சட்டை மடிப்பில் மினுக்கியதைப் பார்த்தாள். "வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு எங்களைத் தவழ விட்டீங்களே!"

"இத்தனை வருஷ அனுபவம்னா சும்மாவா? ஒளிச்சு வெச்ச எனக்கே தெரியலையே" என்றார் அவர். கண் மட்டும் மேசையை விட்டு நகரவில்லை.

கம்பி உட்கார்ந்தது. சாவி கொடுத்ததும் சக்கரம் சிலிர்த்து ஆடத் தொடங்கியது. சம்பந்தி அதைக் காதில் வைத்தார்.  பிறகு, "சம்பந்தியம்மா, பறந்தாத்தானே மேசை போகணும்? இது சட்டையிலயே இருந்துச்சே!" என்றார்.

"நீங்களும் இவர் கட்சியா?" என்றாள் அவள். ஆனால் பழைய சாமான்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை சம்பந்தி தன் அண்ணனின் கடிகாரத்தோடு வருகிறார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று போனிலேயே சொல்லியாகிவிட்டது.