எல்லம்மாவுக்கு ஒரு பொன்னாடை

எல்லம்மாவுக்கு ஊர் நடுவே பொன்னாடை போர்த்துவார்கள் என்று அயனம்பாக்கத்தில் எந்த ஜோசியக்காரனும் சொன்னதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள் அவள். புருஷன் துலுக்கானம் குடிப்பதும் கை நீட்டுவதுமாக இருந்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு ‘அப்பாடா’ என்று ஒரு மூச்சு விட்டாளே, அதுதான் அவள் தனக்கென்று அனுபவித்த சுகம். அந்தப் பொன்னாடை வந்த கதையைக் கேட்டால் உங்களுக்கும் குமட்டும்.

மகள் பானுப்பிரியாவைத் தை மாதம் குத்தம்பாக்கத்து அருளுக்குக் கட்டிக்கொடுத்தாள். ஆனிக் கடைசியில் அந்தப் பெண் முன்பல் உடைந்து, உதடு வீங்கி வாசலில் வந்து நின்றது. அவன் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லையாம், அதற்கு அந்த அடி. எல்லம்மா தெருவில் வேறு கதை சொன்னாள். தலை ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம்தானே, கொஞ்சம் முன்னாடியே அழைத்து வந்துவிட்டேன் என்றாள். தெருவும் நம்பியதுபோல் தலையாட்டியது. உடைந்த பல் யார் கண்ணுக்குத்தான் தெரியவில்லை?

ஆனால் ஆடி ஒரு மாதம்தான். ஆவணி பிறந்தால் சீர் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எப்போது அனுப்பப் போகிறாய் என்று குழாயடியில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அனுப்புவதில்லை என்று எல்லம்மா மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

அதனால்தான் மகளிர் குழு கிருஷ்ணப்பிரியா கூழ் திருவிழாவுக்கு நாடகம் போடுகிறாள் என்றதும் ஓடிப்போய்ச் சேர்ந்தாள். அடிபட்டு வந்த மகளைத் திருப்பி அனுப்புகிற தாய் வேஷம் அவளுக்கு. கடைசிக் காட்சியில் மகள் பிணமாக வருவாள், தாய் மாரடித்துக்கொண்டு அழுவாள். தான் சொல்ல முடியாததை நாடகம் சொல்லிவிடும், தெரு வாயை மூடிக்கொள்ளும் என்று நம்பினாள், பாவம்.

கோயில் தர்மகர்த்தா ராஜசேகரனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. காப்புக் கட்டின சன்னிதியில் பிணத்தைக் கிடத்துவதா, அமங்கலம், அந்தக் காட்சியை எடுத்துவிடு என்றார். கிருஷ்ணப்பிரியா முட்டி மோதிப் பார்த்தாள். கடைசியில், மேடையாவது கிடைக்கிறதே என்று தலையாட்டிவிட்டாள். நாசமாய்ப் போனது அங்கேதான். இப்போது நாடகம், தாய் மகளுக்குக் குங்குமம் வைத்து வழியனுப்புவதோடு முடிந்தது.

ஆடிக் கடைசி ஞாயிறு, திருவிழா அன்று சாயங்காலம் பெண்டாட்டியை அழைத்துப்போக அருள் வந்துவிட்டான். மாப்பிள்ளை என்று அவனுக்கு முன்வரிசையில் நாற்காலி. பானு அவன் காலடியில் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லம்மா மேடையில் வசனத்தைச் சொன்னாள். “நான் வாங்காத அடியாடி? பொறுத்துக்கினு போ. பொட்டச்சிக்குப் புருஷன் ஊடுதான்.”

பார்க்கிறவர்களுக்கு அருவருப்பு வரவேண்டிய இடம் அது. தெருவே கை தட்டியது! பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள். ராஜசேகரன் மைக்கைப் பிடுங்கி, பிறந்தால் இப்படி ஒரு தாய் வயிற்றில் பிறக்க வேண்டும் என்று புகழ்ந்து, அருள் கையாலேயே பொன்னாடை போர்த்த வைத்தார். பல்லை உடைத்த கை அவள் தோளில் பட்டது. சீ! எல்லம்மா தோளைச் சுருக்கிக்கொண்டாள். அதைவிட, அந்த வசனத்தை அழகாகச் சொன்ன தன் வாயை நினைத்துத்தான் அதிகம் கூசியது.

அருள் இளித்துக்கொண்டே மைக்கில் சொன்னான்: “அத்தே, இப்ப சொன்னதையே பானுகிட்டயும் ஒரு தபா சொல்லிடுங்க. ஆட்டோ நிக்குது.”

கூட்டம் சிரித்தது. எல்லம்மா பொன்னாடையை உருவி அவன் காலடியில் போட்டாள்.

“ஆடிக்கு இட்டாந்தேன்னு பொய் சொன்னேன். அடி தாங்காம ஓடியாந்தா. அவ இங்கியேதான் இருப்பா. நீ போ.”

மைக் அணைந்தது. ஒருத்தர் கையும் எழும்பவில்லை. இப்போதுதான் கண்ணீர் விட்ட பெண்கள் பாயை உதறிச் சுருட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். திருவிழா நாளில் மானத்தை வாங்கிவிட்டாள் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். தூ, என்ன ஜென்மங்களோ. அருள் ஏதோ கத்திவிட்டு ஆட்டோவில் தனியாகப் போனான்.

வீட்டுக்கு நடக்கும்போது எல்லம்மா மகளைக் கேட்டாள்: “நான் மேடையில பொறுத்துக்கினு போன்னு சொன்னப்ப உனக்கு இன்னாடி தோணுச்சு?”

பானு உடைந்த பல்லை உதட்டால் மூடிக்கொண்டே சொன்னாள்:

“எல்லாரும் தட்டுனாங்கம்மா. அவரு என்னையே பாத்துகினு இருந்தாரு. நானும் தட்டுனேன்.”