குடியினால் கல்லடிக்கு உரியவர்

நோர்வேக்கு வருமுன் நான் மட்டக்களப்பில் ஒரு கல்லூரியின் உப அதிபராகவும், அதற்கு முன் நெடுங்காலம் விளையாட்டுத்துறைப் பொறுப்பாசிரியராகவும் இருந்தவன். நான் கையொப்பமிட்ட நற்சான்றிதழுக்கு எங்கள் மாவட்டத்து அரசாங்கக் கந்தோர்களில் மதிப்பு இருந்தது. சந்தையடியில் என்னைக் கண்டவர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி நின்றார்கள். தற்பெருமைக்காக இதனைக் கூறவில்லை. என் எழுத்தின்மீது இங்கே ஒரு பழி சுமத்தப்பட்டிருப்பதால், அந்த எழுத்து யாருடையது என்பது வாசகருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

மகளுடன் நான் வசிக்கும் இந்த மேற்குக் கரை நகரில், என் தபாற்பெட்டியில் இருப்பது என் தந்தையாரின் பெயர். நம் வழக்கப்படி எழுதிய தந்தை பெயரை இந்நாட்டார் குடும்பப் பெயராகக் கொண்டுவிட்டார்கள். வைத்தியசாலையில் தாதி கதவைத் திறந்து “கணபதிப்பிள்ளை!” என்று அழைக்கும்போது நான் உடனே எழுவதில்லை. என் தந்தையார் மட்டக்களப்பு வாவியைத் தாண்டியே அதிகம் பயணம் செய்திராதவர். காலமாகிப் பல்லாண்டுகளின் பின், அவருக்கு இங்கே இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள்.

சென்ற ஆண்டு நகர நூலகத்தில் ஒரு சுவரை ஒதுக்கினார்கள். பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள், தத்தம் ஊரில் பெயர் பெற்ற பாடகர், விளையாட்டு வீரர் முதலானோரின் படங்களை அங்கே வைக்கலாம். நடுவில் பெரியதோர் உலகப்படம்; ஒவ்வொரு படத்திலிருந்தும் உரிய ஊருக்கு ஒரு சிவப்பு நூல். மட்டக்களப்பின் பெயர்களைத் தேர்ந்து, குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நூலகப் பொறுப்பாளரான பெண்மணி, உங்கள் நகரத்தின் முதன்மையான பாடகர் ஒரு மீன் என்று வாசித்தேனே, அதன் படம் கிடைக்குமா என்று வினவினார். பாடுவதாகப் பெயர்பெற்ற எங்கள் வாவி மீன்கள் படம் எடுக்க வந்து நிற்பதில்லை என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

நான் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரையும் ஒரு வயலின் வித்துவானையும் கொடுத்தேன். மூன்றாவதாகக் கொடுத்தது என் மாணவன் அழகரெத்தினத்தின் பெயர். நானூறு மீற்றர் ஓட்டத்தில் அகில இலங்கை மட்டத்தில் முதலிடம் பெற்றவன். அவனுடைய தந்தை கந்தையா யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். நீர்ப்பாசன வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக எங்கள் மாவட்டத்துக் கரடியனாற்றுக்கு வந்து, கல்லடியில் கலியாணம் செய்து, எங்கள் பக்கத்து வழமைப்படி மனைவி வீட்டில் குடியமர்ந்தவர். அழகரெத்தினம் கல்லடிக் கடற்கரையின் ஈர மணலில் விடியற்காலையில் ஓடிப் பழகுவான். வலை இழுப்பவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே “கிறுகுடா மனே, கிறுகு!” என்று கத்துவார்கள். கிறுகுதல் என்றால் எங்கள் பேச்சில் திரும்புதல். அவன் பின்னாளில் வென்ற ஓட்டங்களை எல்லாம் வளைவில்தான் வென்றான். கொழும்பில் வெற்றி பெற்ற அன்று மாலை விருந்தில், ஒரு பெரிய அதிகாரி தம் கையாலேயே மது ஊற்றி நீட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். “எனக்குத் தேசிக்காய்த் தண்ணி காணும் சேர்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கிளாசை வாங்கி எனக்கும் அவருக்கும் நடுவே மேசையில் மெதுவாக வைத்தான். அதிகாரியின் முகம் கறுத்தது. நான் பெருமைப்பட்டேன்.

அவன் காலமாகிவிட்டான். அவனுடைய சகோதரியின் மகள் செல்வமலர் இந்நகரின் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். எங்களிடையே ஒருவருடைய குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியே வருவது. கோயில் திருவிழாவை நடத்த நாள் பெறுவதும் அந்தக் குடியின் பெயரால்தான். ஆகவே அழகரெத்தினம் அவளுக்கு வெறும் மாமன் மாத்திரமல்லன், அவளுடைய குடிக்காரன். ஆனால், கந்தையாவின் தம்பி மகனான நடராசாவும் இங்கே இருக்கிறார். தகப்பன் பெயரைக் கொண்டு, அழகரெத்தினம் பருத்தித்துறைப் பிள்ளை என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவந்தார். இரு பக்கத்துக்கும் நீதி செய்யவேண்டி நான் இவ்வாறு எழுதினேன்: “தந்தை பருத்தித்துறையைச் சேர்ந்தவர். எனினும் அழகரெத்தினம் குடியினால் கல்லடிக்கு உரியவர். குடி அவருக்குத் தாய்வழி வந்தது.”

இதில் ஒரு சொல்லையும் இன்றும் மாற்றமாட்டேன்.

திறப்பு விழாவில் நூலகப் பெண்மணி என் கையைப் பற்றி, உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறேன், மற்றவர்கள் இத்தகைய விடயங்களை மறைத்துவிடுவார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தந்தையின் ஊரை மறைக்காமல் எழுதியதைச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். உண்மையை மறைப்பது என் பழக்கமன்று என்று விடை கூறினேன். நோர்வேஜிய மொழியில் எனக்கு வணக்கமும் நன்றியும் தவிர அதிகம் தெரியாது.

நான்கைந்து நாட்கள் கழித்துச் செல்வமலர் தொலைபேசியில் அழைத்தாள்.

“சேர், எங்கட மாமாவப் பத்தி நீங்க என்னத்த எழுதிக் குடுத்தீங்க?”

“உள்ளதைத்தான் எழுதினன். ஏன் பிள்ள?”

“வேலை செய்யிற இடத்து ஆக்கள எல்லாம் கூட்டிக்கொண்டு போய் மாமாட படத்தக் காட்டினன். ஒரு மனிசி என்ட தோளில கைய வெச்சு, எங்கட குடும்பத்திலயும் இது இருந்திச்சு, வெக்கப்படாத எண்டு சொல்றா. நான் விளங்காம ‘தக்’ எண்டு நன்றி சொல்லிப்போட்டு வந்திட்டன். மறுகா மகள்தான் வாசிச்சுச் சொன்னாள். மாமா குடிச்சுக் குடிச்சுத்தான் கல்லடியில வந்து கிடந்தவராம். அந்தக் குடியும் எங்கட அம்மம்மாக்கிட்ட இருந்து வந்ததாம். சேர், எங்கட அம்மம்மா குடிச்சவவா?”

என் தமிழ்க் குறிப்பை நோர்வேஜிய மொழிக்குப் பெயர்த்தவள் இங்கேயே பிறந்து வளர்ந்த பிருந்தா என்ற பிள்ளை. பெற்றோர் யாழ்ப்பாணத்தார். அழைத்துக் கேட்டேன். அவள் சற்றும் தடுமாறவில்லை.

“குடி எண்டால் குடிக்கிறதுதானே அங்கிள்? குடியை விடுங்கோ, குடியை விடுங்கோ எண்டு அம்மா அப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுறவ.”

“எங்கட பக்கத்துக் குடிய ஒருத்தராலயும் விடேலாது பிள்ள” என்றேன்.

அதற்குள் செய்தி தமிழ்க் கடைவரை போய்விட்டது. நடராசா மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். “மாஸ்டர், குடிகாரனெண்டால் உங்கட ஆளாவே இருக்கட்டும். நாங்கள் இனி வழக்குப் பேச வரமாட்டம்.” சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் வாங்க வந்த வெண்டிக்காயை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் செல்வமலரும் பிருந்தாவும் நானும் நூலகத்துக்குச் சென்றோம். குடி என்பது குடும்பப் பெயரா என்று பெண்மணி கேட்டார். அது பெயரில் வராது என்றேன். அப்படியானால் எப்படி அறிவீர்கள்? கேட்டு அறிவோம். அவர் சிறிது யோசித்து, விளக்குவது கடினம், அந்த வரிகளை எடுத்துவிட்டுத் தந்தையின் ஊரை மட்டும் விட்டுவைப்போம் என்றார். பிருந்தா தமிழில் சொன்னதும் செல்வமலர் கதிரையை விட்டு எழுந்தாள்.

“ஏலாது! அத எடுத்தா மாமா ஆருட ஆளு? நடராசாட ஆளா? இருக்கட்டும் சேர், ஆனா சரியா இருக்கட்டும்.”

பெண்மணிக்குச் சொற்கள் விளங்கவில்லை; அவள் நின்ற நிலை விளங்கியது. பிருந்தாவும் அவரும் அகராதிகளைப் புரட்டி, தாய்வழிச் சுற்றத்தைக் குறிக்கும் ‘மூர்ஸ்லெக்ட்’ என்ற சொல்லைக் கண்டெடுத்தார்கள். குடிக்கு அது முழுதும் ஈடாகாது. எனினும் அதில் மதுவின் வாடை இல்லை. பழைய வரிகளின்மேல் புதிய வரிகளை ஒட்டினார்கள். அடுத்த வாரம் நானும் பிருந்தாவும் அங்கே நிற்க, செல்வமலர் தன் தோளில் கைவைத்த அந்த வேலையிடத்துப் பெண்ணை அழைத்துவந்து, படத்தின் முன் நிறுத்தி, “லெஸ்!” என்றாள். வாசி என்று பொருள். அவர் இருமுறை வாசித்தார். முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். பின்னர், இந்தத் தாய்வழியில் இங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்க, “நானும் என்ட மகளும்” என்று செல்வமலர் நெஞ்சில் கைவைத்துக் காட்டினாள்.

அவர் என் பக்கம் திரும்பி, உங்கள் வழியில் யார் என்று கேட்டார். பிருந்தா அதை மொழிபெயர்த்தாள். என் மகள் காலஞ்சென்ற என் மனைவியின் குடி, பேரப்பிள்ளைகளும் அவ்வாறே. என் குடிக்காரர் ஊரில் திருவிழாவுக்கு நாள் பெற்று நிற்கிறார்கள். இங்கே என் தந்தையின் பெயர் தபாற்பெட்டியில் இருக்கிறது. அவரும் வேறு குடி. இந்நாட்டில் என் குடியில் நான் ஒருவனே. அதனை மூன்று மொழிகளில் எதிலும் அவரிடம் சொல்லவில்லை. ஊரில் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் உலகப்படத்தில் அந்த இடத்தைத் தேடினார். நூல்கள் நெருங்கிக் கிடந்ததால் ஊர் தெரியவில்லை.

நான் பழைய பகையொன்றை மனத்தில் வைத்து இறந்தவனை இழித்து எழுதினேன் என்று சிலர் இன்னும் சொல்லித் திரிகிறார்கள். அழகரெத்தினத்துக்கும் எனக்கும் பகை இருந்ததில்லை. அவன் மது அருந்தியவன் அல்லன். அவன் தாயாரும் அருந்தியவர் அல்லர். நான் எழுதியது அவர்களுடைய குடியைப் பற்றி.