அண்ணன் போனில் இருந்த என் மெயில்

கம்பெனி லைனில் நின்று வேலை செய்யும் எங்களுக்கு நெட் என்றால் ரீசார்ஜ். டேட்டா தீர்ந்தால் திரையில் வட்டம் சுற்றும், அவ்வளவுதான் தெரியும். கம்பெனி வாசலிலேயே போனை லாக்கரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே வடக்குப்பட்டில் கம்பெனி பஸ் ஏறி, பென்னலூர் பக்கம் இறங்கும்வரை ரீல்ஸ் பார்ப்பேன். அதைத்தான் இன்டர்நெட் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் டிப்ளமோ படித்தவள் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.

காருக்குள் போகும் வயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. பாத்ரூம் போகவேண்டும் என்றால் சூப்பர்வைசரிடம் சொல்லி, என் இடத்தில் நிற்க இன்னொருத்தி வரும்வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டிலும் அதே கதைதான். வாலாஜாபாத் போய் ஒரு சுடிதார் எடுக்கக்கூட அண்ணனுக்கு நேரம் கிடைக்க வேண்டும். மூச்சு முட்டியது. ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ படிப்புக்கேற்ற வேலை கிடைத்தால் ஓடிவிடலாம் என்றிருந்தேன்.

விண்ணப்பம் போட மெயில் ஐடி கேட்டார்கள். அண்ணன்தான் திறந்து கொடுத்தான். "உன் பேர்லயே ஆரம்பிச்சிட்டேன். என் போன்ல கீது. எதுனா வந்தா சொல்றேன், நீ கவலப்படாத," என்றான். பாஸ்வேர்டையும் அவனே வைத்தான், நம்பரும் அவனுடையதுதான். எவ்வளவு பாசம் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து சம்பளம் வந்ததா என்று கேட்பதுபோல, "மெயில் வந்துச்சாண்ணா?" என்று கேட்பேன். தலையைத் தூக்காமலே, "ஒண்ணும் வர்ல," என்பான். ஒரு வருஷத்துக்கு மேல் இதே கேள்வி, இதே பதில். எனக்குத்தான் தகுதியில்லை போலிருக்கிறது என்று டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். ஒருநாள் அவளிடம், "மெயில் அண்ணன் போன்ல கீது, அவுரு வந்தாத்தான் பாக்க முடியும்," என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, ஒன் சம்பளம் ஏடிஎம் மெஷினுக்குள்ளயா இருக்கு? எந்த ஊர் மெஷின்ல கார்டச் சொருகுனாலும் வருதுல்லா? மெயிலும் அப்படித்தான். அது போன்ல இல்ல, எங்கயோ இருக்க சர்வர்ல இருக்கு. ஐடியும் பாஸ்வேர்டும் இருந்தா எந்தப் போன்லயும் தொறக்கலாம்."

"பாஸ்வேர்டு தெரியாதே?"

"மறந்துட்டுன்னு ஒரு எடம் இருக்கும், அத அமுக்கு. ஓடிபி வரும். ஒரு தடவதான் செல்லும், கொஞ்ச நேரத்துல செத்துப்போவும். அதப் போட்டா புதுசு வச்சிக்கலாம்."

ஓடிபி யார் போனுக்கு வரும் என்று நான் கேட்கவில்லை. அது எனக்கே தெரிந்தது. என் வீட்டுப் பூட்டு, சாவி அண்ணன் இடுப்பில்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் போன் கூடத்தில் சார்ஜரில் கிடந்தது. என் பயோடேட்டாவிலிருந்த ஐடியை என் போனில் அடித்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அமுக்கினேன். சார்ஜரில் இருந்த போன் டிங் என்றது. பூட்டிய திரையிலேயே எண் தெரிந்தது. பார்த்து அடித்தேன், உள்ளே போய்விட்டேன்.

இன்பாக்ஸ் என்றால் வந்த கடிதங்கள். படிக்காதவை தடித்த எழுத்தில் இருக்கும், படித்துவிட்டால் எழுத்து மெலிந்துவிடும். ஓசூர் கம்பெனி என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. கோயம்புத்தூர் கம்பெனி இரண்டு தடவை கூப்பிட்டிருந்தது. எல்லாம் மெலிந்த எழுத்து. தேதிகள் எப்போதோ போய்விட்டிருந்தன.

ஓரத்தில் சென்ட் என்று இன்னொரு பெட்டி இருந்தது. அனுப்பிய கடிதங்கள். நான் யாருக்கு என்ன அனுப்பினேன் என்று திறந்தேன். இங்கிலீஷில் இரண்டே வரி: குடும்பச் சூழ்நிலையால் எனக்கு இந்த வேலை வேண்டாம், நன்றி. கீழே என் பெயர். அதே இரண்டு வரி மூன்று முறை.

வெளியூருக்குப் பெண்ணை அனுப்பப் பயந்திருப்பான். முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் வாயாலேயே வேண்டாம் சொல்ல வைத்துவிட்டானே. அழுகை வந்தது, அழுதால் அம்மா கேட்பாள். புதுப் பாஸ்வேர்டு போட்டேன், அவன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டேன். எல்லாப் போனிலிருந்தும் லாக் அவுட் செய்யவா என்று கேட்டது. செய் என்றேன்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தான். கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தான்.

"உன் மெயிலு பாஸ்வேர்டு கேக்குது. இன்னா பண்ணே? எதுனா வந்துகீதா?"

அவன் முகத்தையே பார்த்தேன். அவன் கண் என் கையிலிருந்த போனில் இருந்தது.

"ஒண்ணும் வர்லண்ணா," என்றேன்.