மூன்று தெருக்களின் மஞ்சள்

மேடம் தன் புடவைத் தலைப்பால் கணினித் திரையைத் துடைத்த அந்தக் காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஐப்பசி மாதம். தி. நகரில் எங்கள் அலுவலகத்துக்கு வெளியே மழை சற்று ஓய்ந்திருந்தது. திரையில் சென்னையின் வரைபடம். அதில் அடையாற்றங்கரை ஓரமாக ஒரு மஞ்சள் கறை. காப்பி தெறித்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தார், போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கறை முழுவதும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நோயாளி.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில். மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், அடையாறு என்று கிளைகள். மேடம் தரவுப் பிரிவின் தலைவி. நான் அவருக்குக் கீழே. முன்பெல்லாம் ஒவ்வொரு கிளையின் முடிவுகளும் அந்தந்தக் கிளையின் கணினியிலேயே கிடக்கும். மாதம் முடிந்ததும் ஹார்டு டிஸ்க்குகள் எங்களிடம் வரும். ஒரு கிளையில் மாதத்துக்கு முன்னால் தேதி இருக்கும், இன்னொன்றில் பின்னால். எல்லாவற்றையும் ஒட்டவைத்து ஏதாவது சொல்வதற்குள் அது பழங்கதையாகியிருக்கும். பின்னறையில் ஒரு சர்வர் வேறு. ஏசி நின்றால் அதுவும் நின்றுவிடும். மழை வந்தால் தரை கசியும். தரவைப் பார்த்த நேரத்தைவிட அந்தப் பெட்டிக்குப் பணிவிடை செய்த நேரமே அதிகம்.

எல்லாவற்றையும் இணையம் வழியாக எட்டக்கூடிய ஒரே கிளவுட் தளத்துக்கு மாற்றிவிடலாம் என்று மேடம் ஒரு வருடத்துக்கு மேல் மன்றாடினார். இயந்திரத்தைப் பராமரிப்பது, நகல் எடுத்து வைப்பது, பாதுகாப்பு எல்லாவற்றையும் அந்தத் தளத்தை நடத்துகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். நிறுவனத்தின் உரிமையாளரான பெரிய டாக்டர் தயங்கினார். நம்மை நம்பி ரத்தம் கொடுத்தவர்களின் விவரம் எங்கோ, யாருடைய இடத்திலோ இருக்கலாமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆய்வு செய்கிறவர்களுக்குப் பெயர் தெரியாதபடி மறைக்கலாம், யார் எதைத் திறந்தார்கள் என்பது பதிவாகும் என்று மேடம் பொறுமையாக விளக்கினார். ஒருநாள் மட்டும் பொறுமை இழந்து, "சர்வரைக் காப்பாத்தறதுக்கு நாம இங்க உக்காந்திண்டிருக்கல சார்" என்றார். அதன்பிறகுதான் அனுமதி கிடைத்தது.

மாற்றம் முடிந்தபோது எங்களுக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. எந்தக் கிளையின் பரிசோதனை முடிவும் சற்று நேரத்தில் எங்களிடம் வந்துவிடும். திங்கட்கிழமை நோயாளிகள் கூட்டத்துக்குத் தளம் தானே விரிந்து கொடுக்கும், கூட்டம் குறைந்ததும் சுருங்கிக்கொள்ளும். ராத்திரி முழுக்க ஓடவேண்டிய கணக்கு, டீ ஆறுவதற்குள் முடிந்தது. வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுக்கிறவர்கள் போகும் வழியைத் திட்டமிடத்தான் அந்த வரைபடத்தைப் போட்டோம். அது வேறு எதையும் காட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

ஒவ்வொரு வகை முடிவுக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தோம்; அந்த மஞ்சள், காமாலை. ஆற்றங்கரைக் குடியிருப்பின் ஆட்கள் சிலர் அடையாறு கிளைக்கும், சிலர் மயிலாப்பூருக்கும், வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் சொன்னார்கள் என்று சிலர் மாம்பலத்துக்கும் போயிருந்தார்கள். எந்தக் கிளையிலும் அது பெரிதாகத் தெரியவில்லை. ஒன்றாகச் சேர்த்ததும் எல்லாப் புள்ளிகளும் அடுத்தடுத்த மூன்று தெருக்களில் வந்து உட்கார்ந்தன. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும் என்றார். இந்த வகைக் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே வடிந்துவிடும், கடைசி மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிகளைத்தான் கொன்றுவிடும் என்று சொல்லிவிட்டு, சுகாதார அதிகாரியை அழைக்கப் போனார்.

அப்போது எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா டீ கொண்டுவந்தார். அவர் வீடு அந்தக் குடியிருப்பில்தான். தலைப்பிரசவத்துக்காக மகள் வந்திருப்பதை ஒரு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் டீயை வாங்காமல் கேட்டார்:

"பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் கீது மேடம். ரெண்டு நாளா சோறு எறங்கல. மசக்கை மாரி வாந்தி எடுத்துக்கினே கீது."

"எத்தனாவது மாசம்?"

"எட்டு."

எட்டாம் மாதத்தில் ஏது மசக்கை?

"கண்ணு மஞ்சளா இருக்கா பாத்தீங்களா?"

"ரூம்ல வெளிச்சமே கெடையாது மேடம். இன்னான்னு பாக்கறது?"

மேடம் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஆட்டோவில் நானும் ஏறினேன். அந்தப் பெண்ணை வாசலுக்கு அழைத்து வந்தபோது வெளிச்சத்தில் அவள் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே பேச்சு குழறத் தொடங்கியது. தாயைப் பார்த்து யார் என்று கேட்டாள். அன்று மாலைக்குள் அந்தத் தெருக்களில் குழாய்த் தண்ணீரை நிறுத்தி லாரியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பல நாட்கள் நினைவில்லாமல் கிடந்து மகள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று அக்கா மேடத்தின் மேசையருகே வந்து நின்றார். பொண்ணையாவது மீட்டுக் கொடுத்தீர்களே என்று கும்பிட்டார். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார்: "போன மழைல எதுத்தூட்டுப் பொண்ணு இதே மாரிதான் போச்சு மேடம். அதுவும் மாசமாத்தான் இருந்துச்சு. காத்து கருப்புன்னாங்க."

அவர் போனதும் மேடம் முந்தைய ஆண்டைத் தேடினார். பழைய கணினிகளில் இருந்ததையெல்லாம் தளத்தில் ஏற்றியிருந்தோம். வரைபடத்தில் அதே மூன்று தெருக்கள், அதே மஞ்சள், சற்று வெளிறிய நிறத்தில். தளத்துக்கு மாறலாமா வேண்டாமா என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த அதே மாதங்கள். மேடம் பெரிய டாக்டரைக் குறை சொல்லவில்லை. திரையை அணைக்காமலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது அவர் இடத்தில் நான் இருக்கிறேன். ஓய்வு பெற்று அபிராமபுரத்தில் இருக்கும் மேடம், மழை பிடித்ததும் ஒருமுறை அழைப்பார். சென்ற வாரமும் அழைத்தார். அந்தத் தெருக்கள் எப்படி இருக்கின்றன என்றார். ஒரு புள்ளிகூட இல்லை என்றேன். குடியிருப்பையே காலி செய்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். அக்கா அங்கிருந்துதான் இரண்டு பஸ் மாறி வருகிறார். மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள்.

"அங்க தண்ணி எப்படியாம்?"

ஒரு மாதிரி வாடை வருகிறது என்று அக்கா சொன்னதைச் சொன்னேன்.

"நம்ம மேப்ல அந்த இடம் என்ன காட்டறது?"

வரைபடத்தை அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தேன். வெறும் வெள்ளை. அங்கே எங்களுக்குக் கிளை கிடையாது.