கழிப்பறைக்குள்ளிருந்து ஒரு ஓட்டு

தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் விற்கும் எங்கள் அக்காவுக்குப் பட்டப்பெயர் ‘இதோ வர்றேன்’. பெருங்குடலில் புண், தீராத வியாதி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ‘இதோ வர்றேன்’ என்று எழுதிய அட்டையைக் கவுண்டரில் மாட்டிவிட்டு ஓடுவாள். வழியில் என்னைப் பார்ப்பவர்கள், "உங்கக்கா எப்பதான் வருவாங்க?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் அவள் ஓட இடமில்லை. மாதாமாதம் மூன்று மணி நேரம் வரிசை. பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ‘ஊழியர்களுக்கு மட்டும்’. போன வருடம் ஒரு நாள் அங்கிருந்து வந்தவள், யாரிடமும் பேசாமல் குளிக்கப் போனாள். மறுநாள் நோயாளிகள் சங்கம் ஆரம்பிக்கப்போகிறேன் என்றாள். வாயில்லாப் பூச்சியான எங்கள் அக்காவா!

அதே நோய்க்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்தார்கள். முதல் கூட்டத்துக்கு ஹால் பிடித்த புத்திசாலி நான்தான். அங்கே கழிப்பறை ஒன்றே ஒன்று. பதினோரு பேரும் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்காரவே இல்லை. ஆஸ்பத்திரி கழிப்பறையை நோயாளிகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற தீர்மானத்தை அக்கா நான்கு தடவை படித்தாள். "சம்மதம்னா கை தூக்குங்க." பத்துக் கைகள் உயர்ந்தன. மூடிய கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பதினோராவது ஆளான தையற்காரர், "நானும் தூக்கிட்டேம்மா! கணக்குல சேத்துக்குங்க!" என்று கத்தினார்.

தீர்மானத்தோடு நானும் அக்காவும் ஆஸ்பத்திரி அதிகாரியின் அறைக்குப் போனோம். கதவு திறந்தே கிடந்தது, வெளியே வரிசை. காகிதத்தைப் படித்துவிட்டு அவர் சிரித்தார்.

"தொறந்து விட்டா அசிங்கம் பண்ணிடுவாங்கம்மா."

"பூட்டி வெச்சதாலதான் சார் அசிங்கம் ஆச்சு." அக்கா திறந்த கதவு வழியே வெளியே கை காட்டினாள். "போன வருஷம், இதே வரிசையில, நின்ன எடத்துலயே, கட்டின துணியிலயே எனக்குப் போயிடுச்சு. அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூடப்பிறந்த எனக்கே அது அப்போதுதான் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதிகாரி யார் முகத்தையும் பார்க்காமல் மேசை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார்.

அக்கா விறுவிறுவென்று வெளியே வந்தாள். அவசரம் அவள் நடையிலேயே தெரிந்தது. வரிசையில் ஒரு பெரியவர், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, வயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். அக்கா சாவியை அவர் கையில் வைத்தாள்.

"மொதல்ல நீங்க போங்கய்யா. ஆனா சீக்கிரம் வந்துடுங்க, அடுத்தது நான்."