விரலார் எடுக்காத முள்

பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவர் பஞ்சர் கடை விரலார்தான்.

பஞ்சர் ஒட்டுவது என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒருமுறை ஒட்டிப் பார்க்கவேண்டும். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தில் குறி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பதமாகக் காயும்வரை பொறுத்திருந்து ரப்பர் துண்டை அழுத்துவதை யாரும் இரண்டு நாளில் படித்துவிடலாம். ஓட்டை போட்டது எது என்று கண்டுபிடிப்பதில்தான் தொழில் இருக்கிறது. முள் டயருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், ஒட்டி அனுப்பிய வண்டி போன வேகத்தில் திரும்பி வரும். மற்ற கடைகளில் டயரின் உட்புறத்தைப் பஞ்சாலோ துணியாலோ துடைத்துப் பார்ப்பார்கள். முள் இருந்தால் நூல் மாட்டும். நம்மவர் வெறும் விரலை விடுவார். ஒரே சுற்று. “இந்தா, அகப்பட்டான்” என்று எடுத்துக் காட்டுவார். கூட்டம் வாயைப் பிளக்கும். பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

உபதேசத்துக்கும் குறைவில்லை. “காத்தக் கொறைய விடாதீங்க, கொறஞ்சா குழியில எறங்கும்போது ரிம் டியூபக் கடிச்சிடும். வாரத்துக்கு ஒரு தடவ டயர்ல குத்தியிருக்கிற கண்ணாடியப் பிடுங்கிப் போடுங்க.” யார் வந்தாலும் இதே பாட்டு. மனைவியின் சைக்கிள் மட்டும் தேய்ந்த டயரோடு ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குத்தானே உபதேசம்.

இருபத்தைந்து வருஷம் உப்புத்தாளும் சொல்யூஷனும் பட்டால் விரல் விரலாக இருக்குமா? நுனி காய்த்துப்போய்விட்டது. சட்டைப் பொத்தான் போடும்போது அது கைக்குத் தெரிவதில்லை. ஒரு வருஷமாகவே அவருக்கு இது தெரியும், மனைவிக்கும் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். பட்டம் போய்விடுமே!

மனைவி புத்தகப் பைத்தியம். காய்கறி மடித்து வரும் காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவாள். பொது நூலகத்தில் உதவியாளர் வேலைக்கு ஏழு வருஷம் எழுதிப் போட்டாள். எட்டாவது வருஷம் நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. காலை பத்து மணி. நாற்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள், அவளுக்கோ அடுத்த மாதம் நாற்பது. இதை விட்டால் இல்லை. எட்டு கிலோமீட்டர், பஸ் ஊரெல்லாம் சுற்றும், அதனால் சைக்கிளில்தான் போவதாக இருந்தாள்.

முந்தின நாள் மத்தியானம் முன்சக்கரத்தில் காற்று இல்லை. கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் டியூபைக் கழற்றி, ஓட்டையைப் பிடித்து, ஒட்டினார். பிறகு வழக்கம்போல டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

“ஒண்ணுமில்ல. குத்தினது எங்கயோ விழுந்திருக்கு.”

பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் ஒரு வெட்டுத் துணியைக் கேட்டு வாங்கி அவள் நீட்டினாள். “எதுக்கும் இதால ஒரு தடவ பாத்துடுங்களேன்.”

தையல்காரருக்கு அவல் கிடைத்துவிட்டது. “பாருங்கய்யா, விரலாருக்கே துணி குடுக்கறாங்க! இனிமே துணியார்னு கூப்பிடலாமா?”

காற்றடிக்க நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். விரலாருக்குச் சுருக்கென்றது. துணியை வாங்கிக் கையைத் துடைத்துப் போட்டுவிட்டு, டியூபை மாட்டி, காற்றை அடித்து, “எடுத்துட்டுப் போ, ராஜா மாதிரி ஓடும்” என்றார். அவள் வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். நாலு பேர் எதிரில் புருஷனை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாள் பாவம்.

மறுநாள் ஒன்பதே காலுக்குக் கிளம்பினாள். நிறுத்தியிருந்தபோது சும்மா இருந்த சக்கரம், ஆள் ஏறி மிதித்ததும் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. சுற்றிலும் கடை ஒன்றும் இல்லை. தள்ளிக்கொண்டே ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். மூன்று முறை பெயர் கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்குச் சக்கரம் தரையில் தேய, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். “என்னன்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

அவர் கழற்றினார். தான் ஒட்டின ஒட்டின் ஓரத்திலேயே புது ஓட்டை. டயருக்குள் விரலை விட்டார், வழவழவென்று இருந்தது. கீழே கிடந்த வெட்டுத் துணியை எடுத்துத் துடைத்தார். மாட்டிக்கொண்டது. அரை விரற்கடைகூட இல்லாத முள், முனை தேய்ந்து கறுத்துப்போன பழைய முள். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“புது முள்ளு. வழியில குத்தியிருக்கு” என்றார் விரலார்.

“அப்படியா?” என்று கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு சோறாக இறங்கவில்லை. மறுநாள் முதல் எல்லா டயரையும் துணியால்தான் துடைத்தார். தையல்காரரின் கிண்டல் நாலு நாளில் ஓய்ந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா என்று தன்னையே திட்டிக்கொண்டார். வீட்டில் சொல்ல வாய்வரை வரும். இன்றைக்கு வேண்டாம், அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்பார். இன்னொரு நாள், இன்றைக்கு வேண்டாம், அவள் சோர்ந்திருக்கிறாள் என்பார். பதினொரு வருஷம் இப்படியே போயிற்று.

போன மாதம் அவள் தங்கை மகள் வந்தாள். அதே நூலகத்தில் அவளுக்கு நேர்முகமாம். வழியனுப்பும்போது இவள் சொன்னாள்: “பஸ்லயே போடி. சுத்தினாலும் பரவால்ல. வழியில முள்ளு கெடக்கும்.”

விரலாருக்குத் தாங்கவில்லை. பெண் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

“அது வழியில குத்தின முள்ளு இல்லம்மா. பழசு. என் விரலுக்குத் தெரியல. நான் பொய் சொல்லிட்டேன்.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“தெரியும்.”

“எப்படி?”

“நூலகத்துக்கு எதுக்க ஒரு பஞ்சர் கடை. பெயரக் கூப்பிட்டாச்சுன்னு சொன்னதும் வெளிய வந்து அங்கதான் விட்டேன். அந்தாளு கழட்டினதுமே முள்ளக் காட்டிட்டார். இது பழைய முள்ளும்மா, ஒட்டினவன் எடுக்காம விட்டுட்டான்னார். எடுக்க வேணாம், ஒட்டவும் வேணாம், இருந்தது இருந்தபடி மாட்டிக் குடுங்கன்னுட்டேன்.”

“எட்டு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டா வந்த? எதுக்கு?”

“நீங்களே பாத்து நீங்களே சொல்லட்டும்னுதான்.” மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தாள். “வேல போனதுக்கு அன்னிக்கே வழியெல்லாம் அழுது தீத்துட்டேன். நீங்க இதச் சொல்றதுக்குத்தான் இத்தன வருஷம் ஆச்சு.”

துணி அடுக்கைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளறைக்குப் போனாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தபோது எதிரில் யாரும் இல்லை.