கிடாரத்தில் மிஞ்சுவது

பேரின்பநாயகம் பியர் குடிப்பவரல்லர், காய்ச்சுபவர். அரைக் கிளாசுக்கு மேல் போனால் அவருக்குத் தலை இடிக்கும். இருந்தும் மொன்ட்ரியாலின் புறநகர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர் வீட்டுக் கராஜில் மாதம் ஒரு சனிக்கிழமை கேஸ் அடுப்பு எரியும். அதன் மேல் பெரிய கிடாரம் ஒன்று கொதிக்கும். அவருக்குப் பிடித்தது பியர் அல்ல, அதிலுள்ள கணக்கு.

மட்டக்களப்பில் அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவர். கோடையில் குளத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாகும் என்று கணிப்பது வேலை. கணித்ததைக் குளம் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. மொன்ட்ரியாலுக்கு வந்து, யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் அலுமினியம் வெட்டத் தொடங்கிய பிறகு, ஆவியைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட வேலை செய்த பேனாட்தான் தன் பழைய கிடாரத்தைக் கொடுத்து இந்தப் பழக்கத்தைத் தொடக்கிவைத்தார்.

முறை இலகுவானது. முளைவிட்டு உலர்ந்த பார்லியை உடைத்துச் சுடுநீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்தெடுக்க வேண்டும். அதைக் கசப்புக்காக ஹொப்ஸ் பூவோடு ஒரு மணித்தியாலம், மூடாமல், கொதிக்கவிட வேண்டும். நாலு லீற்றர் ஆவியாகப் போகும். இருபத்துநாலில் தொடங்கினால் இருபது மிஞ்சும்; அதை ஆறவைத்து ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டால் பியர். கூட மிஞ்சினால் பியர் சப்பென்று இருக்கும். குறைய மிஞ்சினால் கடுக்கும். அளப்பதற்காகப் பேரின்பநாயகம் நீண்ட மர அகப்பையின் காம்பில் லீற்றருக்கு ஒன்றாகக் கத்தியால் கீறி வைத்திருந்தார்.

ஆனால் கிடாரம் குளம் மாதிரி இல்லை. ஒருமுறை இருபத்திரண்டு மிஞ்சியது, அடுத்தமுறை பதினெட்டு. பனிக்காலக் காற்று வறண்டது, அதனால்தான் கூடுதலாக ஆவியாகிறது என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். அடுத்த தடவை, அதைவிடக் கடும் குளிரில், ஒரு லீற்றர்கூடக் குறையவில்லை. அடுப்பை மாற்றினார். கேஸ் சிலிண்டரை மாற்றினார். கடைசியில் அகப்பையையே சந்தேகித்தார்.

இந்தக் குழப்பத்தின் நடுவே 2006 மார்ச்சில் காய்ச்சிய பியரைப் பேனாட் குடித்துவிட்டு, வழக்கமான பகிடி எதுவும் விடாமல் இன்னொரு கிளாசை ஊற்றினார். ஓகஸ்டில் அவருக்கு ஓய்வு. பிரியாவிடைக்கு எல்லாருக்கும் இதையே கொடு, வேறெதுவும் வாங்கி வராதே என்றார். பிரெஞ்சு தெரியாமல் வந்து நின்ற மனிதருக்கு இயந்திரத்தின் ஒவ்வொரு பொத்தானையும் கையைப் பிடித்துக் காட்டியவர் அவர். பதிலுக்கு அவர் கேட்ட ஒரே பொருள் இதுதான். பேரின்பநாயகம் உடனே சம்மதித்தார். அந்த மார்ச் பியரை எப்படிச் செய்தார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது.

அதே பார்லி, அதே ஹொப்ஸ். ஏப்ரலில் காய்ச்சியது தண்ணீர் மாதிரி வந்தது. மேயில் காய்ச்சியதை வாயில் வைக்க முடியவில்லை. ஜூனில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"நான் உள்ளுக்க இருக்கக்குள்ள ஆராவது கிடாரத்தத் தொட்டீங்களா?"

"தொடாம?" என்றாள் மனைவி புஷ்பவதி. "தண்ணி வத்திக்கொண்டு போகுது. அடிப்பிடிச்சா ஆரு தேய்க்கிற? கேத்தில்ல இருந்த சுடுதண்ணிய ஊத்தினன்."

"எவ்வளவு?"

"சோத்துக்கு ஊத்தக்குள்ள அளந்தா ஊத்துற?"

கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அவள் தம்பி அருள்நேசன் தொண்டையைச் செருமினான். "மச்சான், கார்ல இருந்து இறங்கினா கை விறைக்கும். அடுப்பக் கூட்டிப்போட்டுக் கொஞ்சம் குளிர் காயுறனான்."

"பிறகு குறைக்கிறயா?"

"ஏன் குறைக்கோணும்? நல்லாத்தானே எரியும்."

"நான் மூடி போட்டன்," என்றாள் மகள் ஆர்த்திகா. "என்ர கோட் எல்லாம் அந்த மணம். மெட்ரோவில எல்லாரும் பாக்கிறாங்க அப்பா."

"மூடக்கூடாதெண்டு எத்தின தரம் சொன்னன்?"

"அம்மா துறந்து போட்டாவே!"

"ஓம், துறந்தன். பொங்கி வழிஞ்சது புள்ள."

மார்ச்சில் யார் முதலில் செய்தது, யார் பிறகு என்பதை மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூவருமே உறுதியாகச் சொன்னார்கள்.

"சரி," என்றார் பேரின்பநாயகம். "வாற சனிக்கிழமையும் அப்பிடியே செய்யுங்க. நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

சொன்ன சனிக்கிழமை கிடாரம் கொதிக்கத் தொடங்கியதும் செயின்ட் ரெஜிஸ் வீதி முருகன் கோயிலுக்குக் காரை விட்டார். தன் கணக்கில் எல்லோரும் நன்றாகக் கைவைக்க வேண்டும் என்று ஒரு மனிதர் கும்பிட்டது அன்றைக்குத்தான் நடந்திருக்கும்.

திரும்பி வந்தபோது மூவரும் கிடாரத்தைச் சுற்றிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பை அணைத்து அகப்பையை விட்டுப் பார்த்தார். கீறலில் ஒரு மயிரிழை பிசகாமல் இருபது.

"ஒருத்தரும் தொடல்ல," என்றாள் புஷ்பவதி பெருமையாக. "பேனாட்டுட காரியம். பிழைச்சா எங்கள்லதானே பழி?"

"நான் குளிர் காயவே இல்ல மச்சான்."

"ஜூன் மாசத்தில ஆருடா குளிர் காயுறான்?" என்றார் பேரின்பநாயகம்.

மூன்று வருடமாகத் தேடிய எண் அவர் முன்னால் இருந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று அவருக்கு விளங்கவில்லை. அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

"ஊத்து," என்றார் மனைவியிடம்.

"எவ்வளவு?"

"நீ ஊத்துற மாதிரி."

"நீங்க பாத்துக்கொண்டு நிண்டா எனக்கு வராது."

பேரின்பநாயகம் திரும்பி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் விழுந்தது, அடுப்பு இரைந்தது, மூடி விழுந்தது, யாரோ யாரையோ ஏசி மூடியை எடுத்தார்கள். போதுமென்று புஷ்பவதி சொல்லும்வரை அவர் திரும்பவில்லை. அதன்பிறகும் அகப்பையை விடவில்லை.

ஓகஸ்டில் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் பேனாட் ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, இதேதான் என்றார். பேரின்பநாயகமும் குடித்துப் பார்த்தார். அவர் நாக்குக்கு அது மார்ச்சின் பியர் இல்லவே இல்லை. நிறம் கூடுதல், இனிப்பும் கூடுதல். பேனாட் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறாரா, தன் நாக்குத்தான் பிழையா என்று அவர் முகத்தையே பார்த்தார். முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பேனாட் வெறுங்கிளாசை நீட்டினார். எல்லாருக்கும் காணுமா, மொத்தம் எத்தனை லீற்றர் என்று கேட்டார்.

"தெரியாது," என்றார் பேரின்பநாயகம் பிரெஞ்சில்.

கணக்குக்காரன் இன்றைக்குத்தான் பகிடி விடுகிறான் என்று பேனாட் சிரித்தார். பேரின்பநாயகம் ஊற்றிக்கொண்டே இருந்தார்.